பெரியப்பாவின் ஹெரால்டும் மட்டாஞ்சேரி உப்புக் காற்றும்

இவ்வாண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்தவர்கள், மண்டபத்து வாசலில் நின்ற வெளிர்நீலக் கார் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன்பக்கம் முழுவதும் முதலை வாய் போலத் திறப்பதைக் குழந்தைகளுக்கு ஏழெட்டு முறை திறந்து காட்ட வேண்டியதாயிற்று. பெரியவர்கள் மூன்று கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இது என்ன கார்? வீட்டிலேயே வைத்துச் செய்தீர்களா? எவ்வளவு செலவாயிற்று? மூன்றாவது கேள்வி வந்தபோதெல்லாம் என் மனைவி பக்கத்தில் நின்றதால் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மற்ற இரண்டுக்கும் விரிவாக எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இதை எழுதுகிறேன். ஊரில் அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பழைய கார் ஒன்று யார் வீட்டுக் கொட்டகையிலாவது கிடக்குமானால், அதை இங்கே கொண்டுவருமுன் இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் கொண்டுவந்தவன்.

கார் 1967ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. விருதுநகரில் வற்றல் வியாபாரம் செய்த என் பெரியப்பா புதிதாக வாங்கியது. 1998க்குப் பிறகு அவர் அதை வெளியே எடுக்கவில்லை. கண் மங்கிவிட்டது, ஆனால் விற்கவும் மனம் வரவில்லை. அவர் காலமான பிறகு பெரியம்மா என்னிடம், "தம்பி, எடைக்குப் போடுறதுன்னா போட்டுக்கோ. ஆனா எங்கிட்டச் சொல்லாமப் போடு" என்றார். அதற்குமேல் எப்படிக் காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவது? 2019இல், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு வற்றல் மூட்டை ஏற்றிவரும் லாரிக்காரரிடம் பேசி, மூட்டைகளுக்குப் பதிலாக ஒரு நடைக்குக் காரை ஏற்றிவந்தோம். எங்கள் வீட்டை ஒட்டிப் பழைய சுக்குக் கிடங்கு ஒன்று உண்டு. அதுதான் கார் ஷெட் ஆயிற்று. இன்றைக்கும் காருக்குள் உட்கார்ந்தால் பெட்ரோலும் சுக்கும் கலந்த ஒரு வாசனை வரும்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இது நம்மூர்க் கார். சென்னைக்குத் தெற்கே வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்டது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலாட்டி. இங்கே முதலில் இரண்டு கதவுகளோடு வந்தது. இரண்டு கதவுக் காரில் பின்னால் ஏறுவது நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரும்பாடு என்பதாலோ என்னவோ, பிறகு நான்கு கதவுகளோடும் வந்தது. நான்கு கதவு ஹெரால்டை இங்கிலாந்தில் செய்யவே இல்லை. அடுத்து 1972இல் கஸல் வந்து 1977இல் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. அது எடுபடாமல் போகவே, சில ஆண்டுகளில் நிறுவனத்தின் கார் கதையும் முடிந்தது.

ஹெரால்டை வீட்டில் வைத்துப் பழுது பார்க்கலாம் என்று நான் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்திலேயே பல கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஹெரால்டு அப்படி அல்ல. அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம். அதன்மேல் உடல் பல துண்டுகளாக நட்டு போல்ட்டில் பூட்டப்பட்டிருக்கும். இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்துதர ஆளில்லாமல் போகவே, வெவ்வேறு இடங்களில் துண்டு துண்டாகச் செய்து பூட்டும்படி காரை வடிவமைத்தார்கள். அவர்களுடைய அந்தச் சங்கடம் எங்களுக்குச் சகாயமாயிற்று. ஒரு துண்டு துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். பானெட்டைத் தூக்கினால் முன் சக்கரம், ஸ்டீயரிங், இஞ்சின் எல்லாம் திறந்த வீடு போலக் கிடக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். இன்னொரு சௌகரியம், 25 அடி வட்டத்துக்குள் முழுவதுமாகத் திரும்பிவிடும். மட்டாஞ்சேரிச் சந்துகளில் கார் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

<b>எதிரி எது?</b>

இருபது வருடங்கள் விருதுநகர்க் கொட்டகையில் நின்ற காரில், வந்த அன்று பார்த்தபோது துரு அதிகம் இல்லை. வெயிலும் புழுதியும் தின்ற பெயிண்ட்டு, கறையான் தின்ற சீட்டு, எலி தின்ற வயர். தகரம் மட்டும் தகரமாகவே இருந்தது. நானும் நிம்மதியாக, இடவப்பாதி மழை தொடங்குமுன் நல்ல தடித்த பிளாஸ்டிக் தார்ப்பாய் வாங்கி இறுக்கமாகப் போர்த்திக் கட்டிவைத்தேன். நான்கு மாதம் கழித்துப் பிரித்தால், கதவின் அடிப்பகுதியில் விரல் நுழைந்தது. இருபது வருடத்தில் விருதுநகர் செய்யாததை ஒரே மழைக்காலத்தில் மட்டாஞ்சேரி செய்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஐம்பது வருடமாகக் கார் வேலை செய்யும் இக்கா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது உப்பின்டெ பணியா, மோனே" என்றார்.

அவர் சொன்னதன் விளக்கம் இது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நீர் என்றால் மழைநீர்தான் என்பதில்லை; காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மேல் உட்கார்ந்துவிடும். கொச்சியில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அந்தப் படலத்தில் கடற்காற்றின் உப்பும் கரைந்தால் மின்சாரம் அதில் எளிதாக ஓடும். துருப்பிடித்தல் என்பதே ஒரு சின்ன பேட்டரி வேலை செய்வது போன்றதுதான். போதாக்குறைக்கு உப்பு ஈரத்தையும் தானாக இழுத்துவைத்துக்கொள்ளும். நான் போர்த்திய பிளாஸ்டிக் உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்து, காரை இட்லிப் பானைக்குள் வைத்தது போல ஆக்கிவிட்டது. இங்கே காரை மூட வேண்டுமானால் காற்றுப் புகும் பருத்தித் துணிதான் சரி. தரை தாழ்வான வீடுகளில் கடல் ஏறும் நாட்களில் உப்புநீர் ஷெட்டுக்குள் வந்துவிடும். எங்கள் கிடங்கிலும் வரும். அதனால் நான்கு சக்கரங்களுக்கடியிலும் செங்கல் மேடை கட்டிக் காரை ஒன்றரை அடி உயர்த்திவிட்டோம். வேலை செய்யவும் அது வசதியாயிற்று.

ஹெரால்டில் துரு எங்கே வரும் என்பதும் ஏறத்தாழ எழுதிவைத்தது போல்தான். கதவுகளின் அடி, டிக்கியின் தரை, பேட்டரி உட்காரும் தட்டு, எல்லாவற்றையும்விட முக்கியமாக அடிச்சட்டத்திலிருந்து இருபக்கமும் கைபோல நீண்டு உடலைத் தாங்கும் கிளைச்சட்டங்கள். கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி ஓட்டையாகிவிட்டால் பலர் பதறுவார்கள். ஹெரால்டில் அது பெரிதல்ல. பாரத்தைத் தாங்குவது சட்டம். ஆனால் கிளைச்சட்டம் இற்றுப்போயிருந்தால் மேலே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் பயனில்லை. சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். இற்ற இரும்பு தொப்பென்று சொல்லும். எங்கள் காரில் வலப்பக்கம் பின்னால் இருந்த ஒன்று தொப்பென்றது. உடலைத் தூக்காமலே அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தோம். வெட்டுமுன், கதவு திறந்துமூடும் இடைவெளி மாறாதபடி கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தாற்காலிகமாகக் கட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டியவர்களின் கார்க் கதவு பிறகு ஆயுளுக்கும் மூடாது.

சின்னச் சாமான்களின் துருவை எடுக்க நாங்கள் கையாண்ட முறை வீட்டுப் பெண்களையே ஆச்சரியப்படுத்தியது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த சாமானைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றைப் பாசிட்டிவ் முனையிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, பிறகு மின்சாரத்தைப் போட வேண்டும். மறுநாள் பார்த்தால் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடும். நல்ல இரும்பு ஒரு துளியும் குறையாது. (சோடா வாங்கப் போன இடத்தில் ஒரு நண்பர், "தோபிகானாக்காரர்களிடம் கேட்டிருந்தால் மூட்டையாகவே தந்திருப்பார்களே" என்றார். ஃபோர்ட் கொச்சி வெளியில் தலைமுறைகளாக வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பங்களை நினைத்துச் சொன்னார்.) மூன்று எச்சரிக்கைகள்: இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வரும், ஆகையால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல் செய்ய வேண்டும், பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் பாத்திரத்தைப் போடக் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகத் தண்ணீரில் இறங்கும், அலுமினியச் சாமானைத் தொட்டியில் இடவே கூடாது, அரித்துவிடும்.

<b>கழற்றுவது சுலபம்</b>

பழைய கார் வேலையில் பெரும்பாலோர் தோற்பது கழற்றும் கட்டத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து எந்த நட்டு எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கார் மூட்டையாகவே எடைக்குப் போகும். எங்கள் ஷெட்டில் என் மகன் ஒரு விதி வைத்தான்: கழற்றுமுன் செல்போனில் படம், கழற்றியதும் அந்தந்த போல்ட்டு அதே ஓட்டையில் அல்லது பெயரெழுதிய ஹார்லிக்ஸ் பாட்டிலில். ஒரு பகுதி முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்த மூன்று வருடம் காலி பாட்டில் ஒன்றுகூட இருந்ததில்லை.

இஞ்சின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். இருபது வருடம் நின்றதில் பிஸ்டன் சிக்கியிருந்தது. இந்நிலையில் பேட்டரி கட்டி ஸ்டார்ட்டரை அமுக்குவது பெரிய தவறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டைகளில் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவைத்து, முன்பக்கத்துப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக அசைத்தோம். ஒன்பதாம் நாள் அசைந்தது. பிறகு ரீபோர் வேலையை லேத் பட்டறையில் கொடுத்தோம். அதை வீட்டில் செய்ய முடியாது. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இஞ்சினுக்கு முன்னால் பார்க்க வேண்டியது பிரேக். ஓடாத கார் யாரையும் கொல்லாது, நிற்காத கார் கொல்லும். ஹெரால்டின் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் பார்த்துப் புதிதாக்கினோம். இதிலும் ஒரு பாடம் கிடைத்தது. பிரேக் ஆயில் குறைகிறதே என்று உதவிக்கு வந்த ஒருவர் எங்கள் பின்னால் ஜாக்கிக்கு ஊற்றும் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டார். மூன்றே நாளில் புது ரப்பர் வாஷர்கள் எல்லாம் வடை போல உப்பிவிட்டன. பிரேக் ஆயில் என்பது பெயரளவில்தான் ஆயில். டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருப்பதைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. மொத்தத்தையும் இரண்டாம் முறை பிரிக்க வேண்டியதாயிற்று.

பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். எல்லா மெக்கானிக்குகளும் செய்வதுபோல அதை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். அக்காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் பல வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஈரத் துணியால் துடைத்து உறையில் கட்டி எறிய வேண்டும். பழைய பெயிண்ட்டில் காரீயம் இருக்கக்கூடும். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. குழந்தைகளை அந்த நாட்களில் ஷெட் பக்கம் விடவில்லை. அதேபோல, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கவே கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்து, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்த ஒன்றில் என் மனைவி ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஸ்டாண்டு வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி வரும்.

ஹெரால்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை திருகு மறையாக, டிரன்னியன் என்ற வெண்கலக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறை உள்ளே திரும்பும். அதற்குக் கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 நம்பர் எண்ணெய்தான் விட வேண்டும். வழக்கமான பழக்கத்தில் கிரீஸ் அடைத்தால், அது மறையின் அடிவரை இறங்காது. நாளடைவில் கெட்டியாகி வழியையும் அடைத்துவிடும். உள்ளே ஈரம் புகுந்து தண்டு துருவேறி, ஒரு நாள் வளைவில் திரும்பும்போது ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் காரில் கல்லாகிப்போன கிரீஸைத்தான் தோண்டி எடுத்தோம். தண்டுகள் இரண்டையும் மாற்றினோம்.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாக: எலி தின்றது போக மிச்சத்தையும் நம்பாமல் முழுவதும் புதிதாகப் போட்டோம். லூகாஸ் முறையில் நிறத்துக்கு ஒரு வேலை உண்டு. பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாக வருவது, நீலம் முன்விளக்கு, சிவப்பு பக்கவிளக்கும் பின்விளக்கும், கறுப்பு எர்த். இதை மாற்றாமல் போட்டால் நாளைக்கு வேறொரு மெக்கானிக்கும் திணறாமல் பார்க்கலாம். பேட்டரி கட்டுமுன் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

சாமான் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. அம்பாசடர் 2014 வரை வந்தது, ஆகவே அதற்குத் தேடுவது அத்தனை கஷ்டமில்லை. ஹெரால்டுக்கு நாங்கள் மூன்று இடங்களை நம்பினோம். சென்னையில் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள், கோயம்புத்தூர் லேத் பட்டறைகள், பழைய புஷ்ஷைக் கையில் கொடுத்தால் அதேபோல் கடைந்து தந்தார்கள், மூன்றாவது இங்கிலாந்து. டிரையம்ஃப் ஹெரால்டு மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. 1977இல் தொடங்கிய டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற ஆர்வலர் சங்கங்கள் இன்றும் இருப்பதால் ரப்பர், புஷ், டிரன்னியன் எல்லாம் புதிதாகவே செய்கிறார்கள். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கதவு ரப்பருக்கும் கண்ணாடிக்கும் அங்கே எழுதிப் பயனில்லை. டயர் மட்டும் சுலபமாக முடிந்தது. பழைய வாகன் ஆர் காருக்கு வந்த 145/80 ஆர் 13 அளவு இதற்கும் பொருந்துகிறது.

சாமான் தேடிக் கோயம்புத்தூர் போகிறவர்கள் அவினாசி ரோட்டில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். பழைய காரில் எந்த இடத்தில் எந்த வடிவம் இருக்க வேண்டும் என்பது நேரில் பார்த்தால்தான் புரிகிறது. குழந்தைகளுக்கும் பொழுது போகும்.

பெட்ரோலும் ஒரு பிரச்சினை. 2000ஆம் ஆண்டில் காரீயம் கலந்த பெட்ரோலை நாடு முழுவதும் நிறுத்தினார்கள். குழந்தைகளின் மூளைக்கு நல்லது. ஆனால் அந்தக் காரீயம் பழைய இஞ்சினின் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை போலிருந்தது. ரீபோர் செய்யும்போதே கடின இரும்பில் வால்வு சீட் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீரும். இப்போது எத்தனால். 2025இல் 20 சதவீதக் கலப்பு என்ற இலக்கை நாடு எட்டியது. எத்தனால் பழைய ரப்பர் குழாயை இளக்கிவிடும், ஈரத்தையும் இழுக்கும். கொச்சிக் காற்றில் மாதக்கணக்கில் டாங்கியில் கிடந்தால் நீர் பிரிந்து அடியில் தங்கி, டாங்கியையே உள்ளிருந்து துருவேற்றும். எங்களுக்கு முதல் அறிகுறி ஷெட்டில் வந்த பெட்ரோல் வாசனை. பார்த்தால் குழாய் பிசின் போலிருந்தது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றி, கார்புரேட்டரின் கேஸ்கட்டுகளையும் மாற்றினோம். மழைக்காலத்தில் டாங்கியைக் காலியாக வைப்பதைவிட, பதினைந்து நாளுக்கொருமுறை ஓட்டுவது மேல்.

<b>மகன் கேட்டதும் சட்டம் சொன்னதும்</b>

இனி எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் நடந்த சண்டைக்கு வருகிறேன். மகனுக்குப் பழையபடியே செய்வதில் விருப்பமில்லை. "அப்பா, இஞ்சினைத் தூக்கிட்டு மாருதி இஞ்சின் வச்சிடலாம். ஏ.சி. போடலாம். வீல் அகலமா மாத்தி, கறுப்பு மேட் ஃபினிஷ் அடிச்சா அடிபொளியா இருக்கும்" என்பான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை; 'அடிபொளி' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. எனக்கோ பெரியப்பா ஓட்டியபடியே வேண்டும். இருவரும் கோபத்தில் ஒரு மாதம் ஷெட்டுக்கே போகவில்லை.

அப்போது சட்டத்தைப் படித்துப் பார்த்தோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதன் பொருள் பற்றிய வழக்கு நம் கேரளத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் போயிற்று. 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பு, அமைப்பையே மாற்றும் வேலைகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. தேய்ந்த இஞ்சினுக்குப் பதிலாக அதே வகை இஞ்சினை அனுமதி பெற்று வைக்கலாம். வேறு கம்பெனி இஞ்சினைத் திணிக்க முடியாது. அப்படி ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும்.

ஆகவே ஒரு சமரசத்துக்கு வந்தோம். வெட்டாமல், ஓட்டை போடாமல், ஒரு மாலைப்பொழுதில் பழையபடி திருப்பக்கூடிய மாற்றங்கள் மட்டும். டிஸ்டிரிபியூட்டருக்குள் பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன்; ரேடியல் டயர்; ஹெட்லைட்டுக்கு ரிலே; சின்ன மின்விசிறி; இருக்கும் போல்ட்டு இடங்களிலேயே பூட்டிய சீட் பெல்ட். கழற்றிய சாமான் ஒவ்வொன்றும் எண்ணெய் தடவிப் பெட்டியில் இருக்கிறது. நிறம் மட்டும் பேசவே முடியாதபடி தானாகத் தீர்ந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தேய்த்தபோது தொழிற்சாலையில் அடித்த வெளிர்நீலம் அப்படியே இருந்தது. மகனே, "இது கொள்ளாம்" என்றான். பெயிண்ட் அடிக்கும் வேலையை வெளியே கொடுத்தோம். இப்போதைய டூ-கே பெயிண்ட்டின் ஐசோசயனேட் ஆவி சாதாரணத் துணி முகமூடியில் நிற்காது.

கடைசியாகப் பதிவு. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, வியாபாரத்துக்கல்லாத கார்களும் இருசக்கர வண்டிகளும் அதில் சேரலாம். அடிச்சட்டம், உடல், இஞ்சின் எதிலும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. அதன்பின் புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண் வரும். ஏற்கெனவே பதிவானதற்குப் பழைய எண்ணே நிற்கும். மகன் கேட்டபடி செய்திருந்தால் இந்த வாசலே எங்களுக்கு மூடியிருக்கும். ஆனால் இதில் ஒரு கட்டு உண்டு. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது.

இன்னொரு வழி சாதாரணப் பதிவு. பெரியப்பா இறந்ததால் வாரிசுப் பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம். தமிழ்நாட்டிலிருந்து ஆட்சேபமின்மைச் சான்றுக்கு 28ஆம் எண். கேரள எண் பெற 27ஆம் எண். புதுப்பிக்க 25ஆம் எண். இங்கே வரி, பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, வண்டியை நேரில் காட்டிப் பரிசோதனை. ஐந்து வருடத்துக்கொருமுறை மறுபடியும். எல்லாம் ஆனால் தினமும் ஓட்டலாம். ஆனால் மெட்ராஸ் ராஜ்யம் என்று பெயர் இருந்த நாளில் வாங்கிய அந்த எண் போய், மட்டாஞ்சேரியின் கே.எல். 43 வந்துவிடும்.

எண்ணை விட எனக்கு மனமில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் விருதுநகர் பஜாரில் பெரியப்பாவையே அடையாளம் சொல்வார்கள். நான்கைந்து மாதம் தள்ளிப்போட்டேன். மகன்தான் பெரியம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். "நம்பர மாத்துனா வண்டி ஓடாதாய்யா?" என்று கேட்டார். ஓடும் அப்பத்தா என்றான். "அப்புறம் என்ன? ஒரு தரம் என்னய வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

கே.எல். 43 வாங்கினோம். பழைய எண் பலகை கிடங்குச் சுவரில், ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. சென்ற தீபாவளிக்கு நானும் மகனும் விருதுநகர் போய்ப் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தோம். பின்சக்கர அமைப்பு வேகமாக வளைவில் திரும்பினால் உள்ளே மடங்கப் பார்க்கும் வகை. ஆகவே மலைப்பாதை வளைவுகளில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்கு நடுவில் பிரேக்கைத் தொடாமல், மெதுவாகவே ஓட்டினோம். வழி முழுக்கப் பெரியம்மா முன்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார். மட்டாஞ்சேரிச் சந்துக்குள் திரும்பியபோது விழித்து, "கதவு சத்தம் மட்டும் மாறிப்போச்சு" என்றார். உண்மைதான். கதவின் அடித்தகரம் புதிது.

ஷெட் ஞாயிறு மாலைகளில் திறந்திருக்கும். பழைய வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் வரலாம். சோடாத் தொட்டியும் பேட்டரி சார்ஜரும் இரவல் தருவோம். ஜூன் பிறக்குமுன் வந்தால் நல்லது. அதன்பிறகு டிரன்னியனுக்கு எண்ணெய் விடுவதும், கதவடியில் மெழுகு பூசுவதுமாக எங்களுக்கே கை ஒழியாது.